பெயிண்டுக்கு அடியில்

மூன்று மாதங்களுக்கு முன்பு நானும் மாமாவும் ரிங்லெட்டில் ஒரு பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வாங்கினோம். கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளைச் சுமந்து ஓய்ந்த வண்டி. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. 1948-இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது, போர் முடிந்த இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். சேசிஸ் எஃகு. சீரிஸ் 3 வரைக்கும் அதே கதைதான். தோல் துருப்பிடிக்காது, எலும்பு துருப்பிடிக்கும்.

சேசிஸ் என்பது எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் சேர்த்து வெல்டிங் செய்தது. உள்ளே புகுந்த சேறு லேசில் வெளியே வராது. அதனால் உள்ளிருந்தே அரிக்கும். சோதிக்க ஒரு சுத்தியல் போதும். நல்ல இடம் ‘டங்’ என்னும், கெட்ட இடம் ‘பொத்’ என்னும். பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ‘பொத்’. கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினேன், புட்டி. புட்டிக்கு அடியில் பிஸ்கட் டின்னை வெட்டி ஒட்டிய தகடு. அதற்கும் அடியில் என் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

“எவன்டா இந்த வேலை பாத்தது?” என்றார் மாமா. நானும் சேர்ந்து திட்டினேன். அந்த இடம் விட்டுக்கொடுத்தால் பின் ஆக்சில் நகர்ந்துவிடும். மலைச் சாலை இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோபம் இரண்டு வாரம்தான் தாங்கியது. அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, புதுத் தகடு வெட்டி, வீட்டுப் போர்ச்சில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தேன். தீப்பொறி கழுத்தில் விழுந்தது. கரண்ட்டைக் குறைத்து வைத்திருந்தேன், ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயத்தில். உலோகம் உருகி ஒன்றோடொன்று கலக்கவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது என்று கைக்கே தெரிந்தது. கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கி, துத்தநாகப் பிரைமர் அடித்தேன். மாமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கம்பெனியில செஞ்ச மாதிரியே இருக்குடா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கான் ஒரு கதை சொல்கிறான். போட்டு உள்பக்கம் திருப்பினால் யார் கண்ணுக்கும் தெரியாத மோதிரம் ஒன்று கைஜஸுக்குக் கிடைக்கிறது. அவன் ராணியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் எவன் நல்லவனாக இருப்பான் என்பது கிளாக்கானின் கேள்வி. பல்கலைக்கழகத்தில் படித்தபோது, நாம் அப்படியெல்லாம் செய்ய மாட்டோம் என்று சுலபமாக நினைத்துக்கொண்டேன். யோசித்தால், கைஜஸ் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் முக்கியமான வெல்டிங்கைச் சோதிக்க இன்னொருவர் வருவார். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்பார். மேற்பரப்பில் விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு எழும்பி வரும். அங்கே என் வேலையில் நான் பொய் சொன்னதே இல்லை. அது என் நேர்மையா, இல்லை அந்தச் சிவப்புச் சாயத்தின் நேர்மையா? போர்ச்சில் படுத்திருந்தபோதுதான் இந்தக் கேள்வி முதன்முதலாக வந்தது.

எல்லாவற்றையும் திறந்துபோட்டு வைப்பதுதான் நேர்மை என்றும் சொல்ல முடியாது. பிரைமரும் மறைக்கத்தான் செய்கிறது. அடிக்காமல் விட்டால் துரு வரும். நான் கண்டுபிடித்த வித்தியாசம் இவ்வளவுதான்: ஒரு மூடல் உலோகத்தைக் காப்பாற்றுகிறது, இன்னொரு மூடல் என்னைக் காப்பாற்றுகிறது. பின்னால் உட்காரப் போகிறவரிடம் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் அது முதல் வகை. அந்த இருக்கையில் அக்காவின் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். என்னால் சொல்ல முடியவில்லை.

நாலாவது நாள் மாமாவிடம் சொன்னேன். “யாருக்குடா தெரியப் போவுது? நல்லாத்தானே இருக்கு” என்றார். உளியை வைத்து ஒரு தட்டு தட்டினேன். தகட்டின் மூலை ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. அப்புறம் அவர் பேசவில்லை. வீணான தகட்டில் கரண்ட்டைக் கூட்டிக் கூட்டிப் பழகி, வைத்த வெல்டிங்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்து, மறுபடி வைத்தேன். இந்த முறை கிரைண்டர் போடவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பிஸ்கட் டின் ஆளை இப்போது என்னால் திட்ட முடியவில்லை. மறுநாள் காலை முட்டைக்கோஸ் சந்தைக்கு இறங்கியாக வேண்டும் என்ற அவசரம் இருந்திருக்கலாம். வாங்கியவரிடம் அவர் சொல்லியும் இருக்கலாம். மூன்றாவது கை மாறும்போது அந்தச் சொல் உதிர்ந்திருக்கும். ஆனால் ஓட்டை உதிராமல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். எங்கே அறுத்தேன், என்ன தகடு, எந்த இடத்தில் எனக்கே சந்தேகம் என்று எழுதி வண்டியிலேயே வைத்திருக்கிறேன். மாமா புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், “இதைப் படிச்சா நாளைக்கு எவன்டா இந்த வண்டிய வாங்குவான்?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் புத்தகத்தை எடுத்துவிடவில்லை.