பன்னிரண்டு கறுப்புக் கட்டங்கள்

பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்து ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். வெள்ளைத் துண்டுகள் அறுகோணம், 20. கறுப்புத் துண்டுகள் ஐங்கோணம், 12. கறுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்க அறுகோணத்திலேயே தைத்துவிட்டால் என்ன?

முடியாது. தேன்கூட்டைத் தரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் விரிக்கலாம். உருண்டை மேல் சுற்றினால் மூடாது. மூலைக்கு மூன்று துண்டு வீதம் ஐங்கோணமும் அறுகோணமும் வைத்துத் தைத்தால், துண்டுகள் லட்சக்கணக்கில் போனாலும் ஐங்கோணம் சரியாகப் பன்னிரண்டுதான். 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் சொன்ன சூத்திரத்திலிருந்து வருகிற கணக்கு.

இதில் அவஸ்தைப்படுகிறவர்கள் கம்ப்யூட்டர் கேம்ஸ் செய்கிறவர்கள். 'சிவிலைசேஷன்' உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் பையனுக்குத் தெரியும். ஆளுக்கொரு முறை காய் நகர்த்தி, கட்டம் கட்டமாக உலகத்தைப் பிடிக்கிற ஆட்டம். 1991-ல் சிட் மையர் செய்த முதல் பாகத்தில் பூமி உருண்டையே இல்லை, டால்டா டின்! கிழக்கே போனால் மேற்கே வந்துவிடலாம். வடக்கே போனால் பனியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் சதுரங்கள் அறுகோணங்களாயின. டின் மட்டும் மாறவில்லை.

அந்தியூரில் இருக்கும் என் அக்கா மகன் நிஜ உருண்டையிலேயே ஓர் ஆட்டம் செய்கிறான். 10,242 கட்டங்கள். (அதில் குதிரைக்குத் தனி மவுசு. ஆடி மாசம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன செய்வான்?) அறுகோணத்தில் ஊர் கட்டுகிறவனுக்கு அக்கம்பக்கத்தில் ஆறு துண்டு நிலம். ஐங்கோணத்தில் மாட்டுகிறவனுக்கு ஐந்துதான். விளைச்சல் குறையும். எதிரி வரும் வழியும் ஒன்று குறையும். லாபமோ நஷ்டமோ, அவன் கேட்டு வாங்கியதல்ல.

"பன்னெண்டையும் கடல்ல போட்டுட்டனுங்க மாமா. அங்க எவன் ஊரு கட்டப் போறான்?"

கெட்டிக்காரத்தனம்தான். ஊபர் நிறுவனம் 2018-ல் பொதுவில் வெளியிட்ட 'எச்3' என்கிற உலகக் கட்ட வரைபடமும் இதையே செய்கிறது. பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் உலக வரைபட யோசனையைக் கடன் வாங்கி, பன்னிரண்டும் தண்ணீரில் விழுகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார்கள். கடலில் டாக்ஸி ஓடாதே!

நான் பி.காம். எங்கள் பாஷையில் இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை அதில் தள்ளிவிட்டு மேலே போவோம். ஆனால் அது தற்காலிகம். தப்பைக் கண்டுபிடித்து மூடியாக வேண்டும். இங்கே தப்பே இல்லை, உருண்டையின் கணக்கே அப்படி. ஆகவே மூடவும் முடியாது.

அதுதான் உறுத்துகிறது. டாக்ஸிக்குக் கடல் காலி. மீன் பிடிக்கிறவருக்கு? 'யாரும் இல்லாத இடம்' என்று நிஜமாகவே ஒன்று உண்டா, இல்லை, படம் போடுகிறவன் கண்ணுக்கு ஆள் தெரியாத இடமா? அணைக்கும் குப்பைக் கிடங்குக்கும் இடம் தேடும்போது நமக்குக் காடும் ஊர்க்கோடியும்தானே முதலில் தெரிகின்றன? "கப்பல்படை வெச்சிருக்கறவன் என்ன கண்ணு பண்ணுவான்?" என்றேன். பையன் பதில் சொல்லவில்லை.

குறை யார் தலையிலாவது விழத்தான் வேண்டும் என்றால் சீட்டுக் குலுக்கலாம். பாகப்பிரிவினையில் இன்னொரு முறை உண்டு. பங்கு போடுகிறவன் ஒருத்தன், முதலில் எடுக்கிறவன் இன்னொருத்தன். கோணல் மூலையை யார் தலையில் கட்டலாம் என்று பங்கு போடுகிறவன் யோசிக்கவே மாட்டான், மிஞ்சுவது அவனுக்குத்தானே? என் ஓட்டு இதற்கு.

பையன் வேறு வழி பிடித்தான். ஏழு கடலில், ஐந்து கரையில் வருகிற மாதிரி நிலத்தை நகர்த்தி, பன்னிரண்டுக்கும் கறுப்பு அடித்துவிட்டான். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்தில் கோட்டை கட்டத்தான் இப்போது அவன் சேக்காளிகளுக்குள் அடிதடியாம். காவலுக்கு ஒரு பக்கம் மிச்சமாயிற்றே!