கேட்பது பிச்சையல்ல

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. எழுந்து வரும்போது, ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள். பத்து நாளாயிற்று. ஒரு தகவலும் இல்லை. நீங்களே கேட்கலாமா, கூடாதா?

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, புதுக்கோட்டையில் மாறி, திருச்சிக்கு இன்டர்வியூ போய்வந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். உள்ளூரில் ஒரு சின்ன வேலை கைவசம் இருக்கிறது. ‘ரெண்டு நாள்ல சொல்லுப்பா’ என்று அவர்கள் கெடு வைத்துவிட்டார்கள். சிங்கப்பூருக்கு வரச் சொல்லி மாமா வேறு அவசரப்படுத்துகிறார். ‘என்ன தம்பி, ஆர்டர் வந்துருச்சா?’ என்று டீக்கடையில் தினம் ஒருவர் விசாரிக்கிறார். அந்தப் பத்து நாள் அவனுக்குப் பத்து மாதம்.

‘நீயே கேட்டுப் பாரேன்’ என்றால் என்ன சொல்வான்? ‘நாமளா போய்க் கேட்டா மதிப்பாங்களா? கெஞ்சுற மாதிரி ஆயிடுமே!’

அடுத்த வாரம் அதே பையன், எம்.எல்.ஏ.வுக்கு வேண்டியவரைத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவான். தன் பெயரில் மூன்று வரி எழுதக் கூச்சம். அடுத்தவர் பெயரைச் சொல்லி உள்ளே நுழையக் கூச்சமில்லை. எது மானம் என்பதையே நாம் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறோமோ?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாளில், போன தடவை கொடுத்த மனுவின் ரசீதைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு கிராமத்து அம்மாக்கள் வந்திருப்பார்கள். ‘ஐயா, என் மனு என்னாச்சு?’ அவர்களை யாரும் பிச்சை கேட்கிறார்கள் என்று சொல்வதில்லை. முடியாது என்றால் முடியாது என்று சொல்லட்டும். கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

நம் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. வேலை உங்கள் உரிமையல்ல. உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்கலாம். ஆனால், ‘சொல்லி அனுப்புறோம்’ என்று ஒருவர் வாக்குக் கொடுத்த பிறகு, பதில் உங்கள் உரிமை. உரிமையைக் கேட்பது எப்படிக் கெஞ்சலாகும்?

நம் சங்கப் புலவர்களுக்கும் இந்த அவஸ்தை இருந்தது. அரசனைத் தேடிப் போக வேண்டும், பாட வேண்டும், பரிசிலுக்காகக் காத்திருக்க வேண்டும். தாமதமானால் நினைவூட்டிப் பாடுவதற்கென்றே ‘பரிசில் கடாநிலை’ என்று ஒரு துறை வகுத்திருந்தார்கள்! புறநானூற்றின் 101-ஆம் பாடலில், அதியமானிடம் காத்திருக்கும் ஔவையார், யானை தன் தந்தங்களுக்கு நடுவே வைத்துக்கொண்ட கவளம் தவறுமா என்று தன் நெஞ்சைத் தேற்றுகிறார். 206-ஆம் பாடலிலும் அதே ஔவை, அதே அதியமான். ஆனால், இங்கே வாயில்காவலனிடம் சொல்லிவிட்டு யாழை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கைத்தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைக்குக் காட்டில் மரமா கிடைக்காது, எங்கே போனாலும் சோறு உண்டு என்கிறார்.

பொறுத்திருப்பதும் கிளம்புவதும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் அடியில் இருப்பது தன் வித்தையின் மேல் உள்ள நம்பிக்கை. ஔவையிடம் நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

சரி, எப்படிக் கேட்பது? இன்டர்வியூ முடியும்போதே, ‘முடிவு எப்போது தெரியும் சார்?’ என்று கேட்டுவிடுங்கள். அன்று மாலையே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். சொன்ன தேதி தாண்டி இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பிறகு உங்கள் பெயர், எந்த வேலை, எந்தத் தேதியில் வந்தீர்கள், முடிவு என்ன... இவ்வளவு எழுதினால் போதும். வீட்டுக் கஷ்டம் வேண்டாம். வேறு வேலை கைவசம் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களை ஒன்றும் செய்யாது, உங்களைத்தான் அரிக்கும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டார். ஊரில் எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்ற அவர்தான், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். அந்த விண்ணப்பத்தின் மேல் ‘பார்க்கலாம்’ என்று ஒரு ஃபைலைத் தூக்கி வைத்திருந்தால்?

எல்லோருக்கும் சம்மதம் சொல்ல யாராலும் முடியாது. ‘இல்லை’ என்றாவது சொல்லலாமே! அது கிடைத்தால் பையன் மறுநாளே அடுத்த வேலையைப் பார்ப்பான். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவின் செலவை மட்டும் வேலை கேட்டு வந்தவன் கட்ட வேண்டியிருக்கிறது.

நாளைக்கு நீங்களும் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். அப்போது ‘சொல்லி அனுப்புறோம்’ என்று சொன்னால், சொல்லி அனுப்புங்கள்.