மீட்பதும் மேய்ப்பதும்

மீட்பு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் செபத்தில் சொல்லுகிறோம். கோவிலுக்கு வெளியேயும் அச்சொல்லுக்கு நெடுங்காலப் புழக்கம் உண்டு. அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒத்திக்கு விட்ட நிலத்தை மீட்கிறோம். மீட்கிறவர் விலை கொடுக்கிறார். மீட்ட பொருள் அன்று முதல் அவர் பொறுப்பில் வந்து சேர்கிறது. மோசேயின் சட்டம் இதே சொல்லை விலங்குக்கும் வழங்குகிறது. கழுதையின் தலையீற்றை ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்க வேண்டும் என்பது விடுதலைப் பயண நூல் 13ஆம் அதிகாரத்தில் உள்ள விதி. கழுதைக்குட்டி பிழைத்தது, ஆட்டுக்குட்டி போயிற்று. அந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி நம் மறையுரைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆயினும் கால்நடைகளைக் காப்பாற்றுவது பற்றி எண்ணத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு அதுவே முதலில் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு மீட்பிலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் யார் என்று கேட்க நாம் மறந்து விடுகிறோம்.

இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி நிறுத்தப்படுகிறது. தார்ப்பாயை விலக்கினால் உள்ளே இருபது, முப்பது மாடுகள், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, கொம்பு முறிந்து, கண்ணீர் வழிய நிற்கின்றன. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. ஆகவே குற்றம் வெளிப்படை, வழக்குப் பதிவாகிறது, மாடுகள் இறக்கப்படுகின்றன, மறுநாள் நாளேட்டில் படமும் வருகிறது. இதுவரை எல்லாம் நன்று. அந்த லாரிக்குள் நிகழ்ந்தது கொடுமை. அதை நிறுத்தியவர்கள் நல்லதே செய்தார்கள். ஆனால் படம் எடுத்தபின் அந்த முப்பது மாடுகளும் எங்கே போயின, அன்று மாலை அவற்றுக்குத் தண்ணீர் காட்டியவர் யார் என்பதை நாளேடு எழுதுவதில்லை. நாமும் கேட்பதில்லை.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் அதைக் கேட்கிறது. உன் சகோதரனின் மாடோ ஆடோ வழிதவறி அலையக் கண்டால் காணாதது போல் போய்விடாதே என்று அது தொடங்குகிறது. நம்மில் பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். சட்டமோ மேலே போகிறது. உரியவன் அருகில் இல்லாவிட்டால், அல்லது அவன் யாரென்று தெரியாவிட்டால், அதை உன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் தேடி வரும்வரை அது உன்னிடம் இருக்க வேண்டும். பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. இடம் உன்னுடையது, தீவனமும் உன்னுடையது. விடுதலைப் பயண நூல் இன்னும் கடினமாகப் பேசுகிறது. உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிட வேண்டும் என்கிறது. 'அவனோடு சேர்ந்து' என்பதை நன்கு கவனிக்க வேண்டும். பகைவனை விரட்டிவிட்டுக் கழுதையை மட்டும் கைக்கொள்ள அங்கே அனுமதி இல்லை. விலங்கும் உரியவனும் ஒரே காட்சியில் நிற்கிறார்கள்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்திலும் இதன் சாயல் ஒன்று இருப்பது வியப்பே. பயிரை மேய்ந்த மாட்டைக் கொண்டித்தொட்டியில் அடைத்தால், அதற்குத் தீவனமும் தண்ணீரும் கொடுப்பது தொட்டிக் காவலரின் கடமை. அச்செலவை உரியவர் அபராதத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். 2017இல் வெளியான வழக்குச் சொத்து விலங்குகள் பற்றிய விதிகள், பிடிபட்ட விலங்குகளை வழக்கு முடியும்வரை கோசாலை போன்ற காப்பிடங்களில் வைக்கச் சொல்லுகின்றன. பராமரிப்புச் செலவை உரியவரிடமிருந்து பெறவும் வழி செய்கின்றன. ஏட்டில் இருப்பது இது. நம் நாட்டில் வழக்கு எவ்வளவு காலம் நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மாடு அதுவரை பட்டினி கிடக்க இயலாது.

கால்நடை வளர்த்தவர்களுக்குத் தெரிந்ததை நகரத்து இரக்கம் அறிவதில்லை. வளர்ந்த மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருபது கிலோ பசுந்தீவனமும், ஐந்தாறு கிலோ வைக்கோலோ சோளத்தட்டையோ, நாற்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். கோடையில் தண்ணீர் இன்னும் கூடும். பட்டினி கிடந்து வந்த மாட்டின் முன் பரிவோடு ஒரு பானைச் சோற்றைக் கொட்டுகிறவர் அதைக் கொன்றுவிடக்கூடும். அசைபோடும் விலங்கின் பெருவயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியது. சோறும் பொங்கலும் தானியமும் திடீரென்று மிகுதியாகச் சென்றால், வயிற்றில் அமிலம் பெருகி, மாடு உப்பிப் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் கூட்டம் சேர்வது இதனால்தான். ஆட்டுக்கு மிகுதியான தானியம் துள்ளுமாரி நோயைக் கொண்டுவரும்; காலையில் துள்ளிக் குதித்த குட்டி மாலையில் இராது. ஆகவே முதல் நாள்களில் காய்ந்த தீவனமும் தண்ணீருமே மருந்து. மற்றவை சிறிது சிறிதாகத்தான்.

புதிதாக வந்த விலங்கைப் பழைய மந்தையோடு உடனே கட்டலாகாது. மூன்று வாரமாவது தனித்தொழுவத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி பார்த்தல், வளர்ந்து வளைந்த குளம்பைச் சீவுதல் என்று வேலை நீண்டுகொண்டே போகும். கன்றுவீச்சு நோய் உள்ள பசு ஒன்று உள்ளே வந்தால், அந்நோய் காய்ச்சாத பாலின் வழியாகவும், வீசிய கருவைக் கையால் எடுப்பதன் வழியாகவும் வீட்டு மனிதருக்கும் தொற்றும். நகரத் தெருவில் அலைந்த மாட்டின் வயிற்றிலோ கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் பை கிடக்கும். அறுவை செய்துதான் எடுக்க முடியும். இவை எல்லாவற்றையும் விட, காளையையும் பசுவையும் பிரித்துக் கட்டாத காப்பகம் சில ஆண்டுகளில் தன் கன்றுகளாலேயே நிரம்பி, இடமின்றித் திணறும். காயடிப்பதைக் கொடுமை என்று எண்ணிச் சிலர் தவிர்க்கிறார்கள். அவ்வாறு தவிர்த்ததால் பிறந்த கன்று எதைத் தின்னும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

நல்ல சமாரியரின் உவமையில் நாம் அதிகம் தியானிப்பது எண்ணெயையும் திராட்சை இரசத்தையும்தான். மறுநாள் நடந்தது லூக்கா நற்செய்தியில் ஒரே வசனம். சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று அவர் சொல்லிப் போகிறார். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. காயத்தைக் கட்டியது ஒரு மணி நேர இரக்கம். இந்தக் கணக்கோ முடிவு தெரியாதது. மாடு பதினைந்து, இருபது ஆண்டு வாழும்.

இனி, அந்த மாடு லாரிக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பசு ஈன்றால்தான் பால். ஈற்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. முன்பு காளைக்கன்றுக்கு ஏரும் வண்டியும் காத்திருந்தன. இன்று உழவு டிராக்டருடையது. 1970இல் தொடங்கி 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சியும் அதனோடு பெருகிய கலப்பினப் பசுக்களும் நம் வீட்டுக் காப்பிக்குப் பாலைத் தந்தன. காளைக்கன்றுக்கு மட்டும் வேலை தரவில்லை. அது சீம்பாலுக்குப் பின் அரைப்பட்டினியில் மெலிந்து மடிகிறது, அல்லது விற்கப்படுகிறது. கன்று இறந்த பின் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்த வழக்கத்தை முதியோர் அறிவர். கணக்கும் இதையே சொல்லுகிறது. 2012இல் நாட்டில் ஏறத்தாழ 6.8 கோடியாக இருந்த காளைகளும் எருதுகளும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4.7 கோடியாகக் குறைந்துவிட்டன. அதே கணக்கெடுப்பில் பசுக்களின் தொகை 14.5 கோடியாக உயர்ந்திருந்தது. தெருவில் அலைந்தவை 50 லட்சம்.

பசுவின் கதையும் பின்னால் இதே வழிதான். ஐந்தாறு ஈற்றுக்குப் பின் பால் வற்றுகிறது. தீவனச் செலவு வற்றுவதில்லை. மேய்ச்சல் புறம்போக்கு பல ஊர்களில் வீட்டுமனையாகவும் அலுவலகமாகவும் மாறிவிட்டது. இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு கைம்பெண், பால் வற்றிய மாட்டை விற்று வரும் பணத்தோடு சிறிது கடனும் சேர்த்துத்தான் அடுத்த கறவையை வாங்குகிறார். பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளத்துக்குப் போகும் அடிமாடு பலவற்றின் பின்னால் இத்தகைய ஒரு வீடு இருக்கிறது. அந்த மாட்டைப் பறிமுதல் செய்வது வியாபாரியைத் தண்டிக்கிறது என்று நினைக்கிறோம். வியாபாரி அடுத்த சந்தையில் அந்த நட்டத்தை விலையில் குறைத்துக் கைம்பெண்ணின் தலையில் இறக்கிவைப்பார். மறுபுறம், சந்தைக்கே போய்ப் பணம் கொடுத்து அடிமாடுகளை வாங்கி விடுவிக்கும் அன்பர்கள் உள்ளனர். அவர்கள் நெஞ்சம் பெரிது. எனினும் வியாபாரிக்கு அவர்களும் ஒரு கொள்முதலாளரே. அப்பணம் அடுத்த லாரியை நிரப்பப் போகிறது. கண்முன் நிற்கும் ஒன்றைக் காப்பாற்றுவதா, காணாத பத்தைக் காப்பதா என்னும் இக்கேள்விக்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் நாள்தோறும் பால் அருந்தும் நாம், அடிமாட்டு வியாபாரியைக் கொடியவர் என்று ஏசிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர் ஓட்டிச் செல்வது நம் குவளையின் மிச்சத்தை. வற்றுக்கறவையின் தீவனச் செலவில் ஒரு பகுதி பாலின் விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடினால் நாம் எழுப்பும் கூக்குரலை எண்ணும்போதுதான் நம் இரக்கத்தின் அளவு தெரிகிறது.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று குணமாக வழியின்றி வேதனையில் கிடந்தது. காந்தியடிகள் பலநாள் எண்ணி, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதை இறக்கச் செய்தார். நாடெங்கிலுமிருந்து சினம் கொண்ட கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் தம் இதழில் வெளிப்படையாக விடை எழுதினார். பசுவும் எருமையும் கறவையில் படும் துன்பத்தை அறிந்து அவற்றின் பாலையே துறந்தவர் அவர். ஆகவே அவருக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல இயலவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் மீள முடியாத வேதனையில் உள்ள விலங்கை முறைப்படி, வலியின்றி இறக்கச் செய்ய இடம் தருகிறது. கொல்லமாட்டோம் என்று உறுதி பூண்டு, நூறு மாடு நிற்கும் இடத்தில் நானூறு மாடுகளை அடைத்து, சேற்றிலும் பசியிலும் அவை ஒவ்வொன்றாய்ச் சாய்வதைப் பார்த்திருப்பது கொல்லாமை ஆகாது. இடம் நிரம்பிவிட்டால், இனி ஏற்க இயலாது என்று வாயிலில் சொல்லும் துணிவும் காப்பாளருக்கு வேண்டும். அச்சொல் கேட்கிறவருக்குக் கசக்கும்; உள்ளே நிற்கும் மாடுகளின் காடியில் வைக்கோல் இருக்கும்.

மனிதரே பசித்திருக்க மாட்டுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு புறத்தையும் சொல்லியிருக்கிறது. விலங்குகளைத் தேவையின்றி வருத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது. மனிதத் துயரைத் தீர்க்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடுவதும் தகாது. முதற்பகுதியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் மீண்டும் எடுத்துரைத்தார். இரண்டாம் பகுதியைக் காட்டி முதற்பகுதியைக் கழித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சரியன்று. திருமண மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும்போது நாம் அந்த இரண்டாம் பகுதியை நினைப்பதில்லை. ஓய்வு நாளிலும் மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோவதை ஆண்டவர் குறை கூறவில்லை. எவரும் செய்யும் இயல்பான கடமையாகவே அதைச் சுட்டி, பதினெட்டு ஆண்டுகளாய்க் கூனியிருந்த பெண்ணைக் குணமாக்கியதற்கு நியாயம் காட்டினார். மாட்டுக்கும் அப்பெண்ணுக்கும் இடையே போட்டி ஒன்றை அவர் வைக்கவில்லை.

பங்கு அளவில் கோசாலை கட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலமும் தண்ணீரும் ஆளும் இல்லாத இடத்தில் அதைத் தொடங்குவது மேலே சொன்ன தவற்றையே செய்வதாகும். வற்றுக்கறவையை ஓராண்டு வைத்திருக்க ஒரு குடும்பத்துக்கு வைக்கோல் வாங்கிக் கொடுப்பது, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது, கால்நடை மருத்துவர் ஊருக்கு வரும் நாளை அறிவிப்பில் வாசிப்பது ஆகியவை சிறு காரியங்கள், நாளேட்டில் வாரா. நம் கண்முன் இன்னும் நெருங்கிய ஒன்று உண்டு. அந்தோணியார் திருத்தலங்களிலும் பிற கோவில்களிலும் திருவிழாக் காலத்தில் மக்கள் ஆடும் கோழியும் நேர்ச்சையாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். கொடுத்தவர் நேர்ச்சை முடிந்தது என்று ஊர் திரும்பிவிடுகிறார். ஏலம் எடுப்பவர் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நாளில் குறுங்கயிற்றில் கட்டப்பட்டு வெயிலில் நிற்கும் அந்த ஆடுகள் யாருடையவை? திருவிழாக் குழுவின் பணிப் பட்டியலில் பந்தலுக்கும் தேருக்கும் வாணவேடிக்கைக்கும் தனித்தனியே பொறுப்பாளர் பெயர் இருக்கும். ஆடுகளுக்குத் தண்ணீர் வைப்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று இவ்வாண்டு பார்க்கலாம்.