நாள்தோறும் வந்தவர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டப்புறங்களிலிருந்து வந்த பெண்கள் எங்கே கூடினாலும் பேச்சு ஒரு கட்டத்தில் பழைய தொலைக்காட்சி நாடகங்களுக்கு வந்து சேரும். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்த பிறகும், ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசக் களைப்பில் கால் நீட்டியிருக்கும்போதும், துக்க வீட்டில் கருமாதிச் சமையலுக்குக் காய் நறுக்கும்போதும் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். “அந்தக் ‘கோலங்கள்’ அபி என்ன பாடு பட்டா!” என்பார் ஒருவர். “தங்கச்சிங்களுக்காகத்தானே அவ்வளவும்” என்பார் இன்னொருவர். ‘மெட்டி ஒலி’ சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் யாருக்கு எந்த மாமியார் வாய்த்தாள், யார் எதற்காக அழுதாள் என்று மூன்றாமவர் வரிசையாகச் சொல்வார். விவரம் தெரியாமல் கேட்கிறவர்கள், சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ இருக்கும் சொந்தக்காரக் குடும்பத்தைப் பற்றிய பேச்சு என்றே நினைப்பார்கள்.

வயதானவர்களின் வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டுகளில் கோடிக்கணக்கில் செலவு செய்து எடுத்த எத்தனையோ படங்களை இவர்கள் பார்த்தார்கள். அவற்றில் பலவற்றின் பெயர்கூட இப்போது நினைவில்லை. அவசரமாகவும் சிக்கனமாகவும் எடுக்கப்பட்ட நாடகத்தின் மனிதர்கள் மட்டும் இருபது ஆண்டு கடந்தும் உடன் இருக்கிறார்கள். இது எப்படி நடந்தது?

அன்றாடத் தொடர் என்ற இந்தக் கலை பிறந்ததே வீட்டிலிருக்கும் பெண்களுக்காகத்தான். 1930களில் அமெரிக்காவின் சிகாகோ நகர வானொலியில், பகலில் வேலை செய்துகொண்டே கேட்பதற்கென்று அன்றாடத் தொடர் நாடகங்கள் வரத் தொடங்கின. சோப்புக் கம்பெனிகள் அவற்றுக்குப் பணம் கொடுத்ததால் சோப் ஓப்ரா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முன்னோடியாக இருந்து எழுதியவர் இர்னா பிலிப்ஸ் என்ற பெண். அவர் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. பாட்டி கேட்ட கதையைப் பேத்தி பார்த்தாள். தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் அந்த நாடகங்கள் நேரடியாக ஒளிபரப்பாயின. நடிகருக்கு வசனம் மறந்தாலும் அரங்கத்தின் சுவர் ஆடினாலும், அது அப்படியே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. தோட்டங்களுக்கு அது மெதுவாகத்தான் நுழைந்தது. அதுவரை வானொலியின் தமிழ் நாடகங்கள்தாம் துணை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் நண்பகல் தாண்டிவிடும். ஒட்டுப்பால் வாடை போகக் குளித்து, உலை வைத்து, கொஞ்சம் உட்காரும் அந்தப் பொழுதுதான் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான பொழுது. பின்னாளில் ஏதோ ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே அந்த வாசலில் உட்கார்ந்தது.

1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1996இல் இங்கே அஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. தகரக் கூரைகளிலும் அடுக்குமாடி வீட்டுச் சுவர்களிலும் வட்டத் தட்டுகள் முளைத்தன. அவற்றின் பின்னால் ‘சித்தி’யின் சாரதா வந்தாள். ‘அண்ணாமலை’ வந்தது. 2002இல் சென்னையில் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யும், 2003இல் தொடங்கி ஆறாண்டு ஓடி 1,500 பகுதிகளைத் தாண்டிய ‘கோலங்கள்’ தொடரும் வந்தன. சாரதாவான ராதிகாவும் அபியான தேவயானியும் திரைப்படத்தில் பெற்ற புகழ் வேறு. எங்கள் வீடுகளில் பெற்ற இடம் வேறு.

இந்த நாடகங்கள் தயாரான விதத்தில்தான் என் கேள்விக்கான விடை இருப்பதாக நினைக்கிறேன். தயாரிப்பாளர் தொலைக்காட்சியிடமிருந்து அரைமணி நேரத்தை விலைக்கு வாங்குவார். அதில் வரும் விளம்பரங்களை விற்று அந்தப் பணத்தை மீட்பார். விளம்பரம் போகக் கதைக்கு எஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள், மழையோ காய்ச்சலோ, அந்த 22 நிமிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சென்னையில் வாடகைக்கு எடுத்த பங்களாக்களில் படப்பிடிப்பு நடக்கும். நடிகரின் கால்ஷீட் கிடைத்த நாளில் அவருடைய காட்சிகளை வரிசை பாராமல் எடுத்துக்கொள்வார்கள். உதவி இயக்குநர் கேமராவுக்கு அப்பால் நின்று வசனத்தைப் படிக்கப் படிக்க நடிகர் வாங்கிப் பேசுவார். பிறகு டப்பிங், பின்னணி இசை, ஒளிபரப்பு. ‘கோலங்க’ளை இயக்கிய திருச்செல்வமே அதில் தொல்காப்பியனாக நடித்தார், ‘மெட்டி ஒலி’யை இயக்கிய திருமுருகனே அதில் கோபியாக வந்தார். ஒரு கை வேலையை முடித்து மறு கை வேலையைத் தொடங்க நேரமில்லாத பட்டறை அது.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் எல்லாரும் கேலி செய்த அந்த வழக்கம். யாரோ ஓர் அதிர்ச்சிச் செய்தியைச் சொல்வார்கள், கேமரா அங்கிருக்கும் ஒவ்வொரு முகமாகப் போய் நிற்கும், இசை அதிரும். பணமும் நேரமும் குறைந்த இடத்தில் காரும் கப்பலும் காட்ட முடியாது. வாடகை கேட்காத ஒரே இடம் மனித முகம். ஆகவே நாடகக்காரர்கள் முகத்திலேயே தங்கினார்கள். காரணம் சிக்கனம்தான். அதன் பலன் மிகப் பெரியது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், தன் தம்பி சொல்லும் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தில் என்ன நடக்கிறது என்பதை அவ்வளவு நேரம் நின்று பார்க்கத் தமிழ்த் திரைப்படத்துக்குப் பொறுமை இருந்ததில்லை. நாடகம் தினமும் பார்த்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டும். தோட்டத்தில் அவர்களுடைய முகத்தை யாரும் பார்த்ததில்லை. பால் நிறுக்கும் இடத்தில் வாளியைப் பார்த்தார்கள். பெரட்டில் செக்ரோல் பதிவேட்டில் இருக்கும் பேரைப் பார்த்தார்கள். மரத்தடியில் வெட்டுக் காயத்தின் ஆழத்தைப் பார்த்தார்கள். மூத்தாள் பெண்ணைத் தன் பெண்ணாக வளர்க்கப் போராடும் சாரதாவின் முகத்தில் கேமரா நின்றபோது, ஒரு பெண்ணின் மௌனமும் பார்க்கத் தகுந்ததுதான் என்று யாரோ முதன்முறையாக அவர்களுக்குச் சொன்னார்கள்.

நாள்தோறும் எடுப்பதில் இன்னொன்றும் உண்டு. எழுதுகிறவருக்கே முடிவு தெரியாது. இதற்கு மாறாக, நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ வாரம் ஒருமுறை வந்த தொடர். கட்டுக்கோப்பானது, இன்றும் வியந்து பேசப்படுவது. அன்றாட நாடகத்துக்கு அந்தக் கட்டுக்கோப்பு வாய்க்காது. நடிகைக்குக் குழந்தை பிறக்கும்; நடிகர் விலகிப் போவார்; கதை அதற்கேற்ப வளையும். ஒரு நாள் திரையில் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று எழுத்து வரும். மரணமும் வரும். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, நடிகர் மாரிமுத்து ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை குன்றி, மாரடைப்பால் இறந்தார். கதையிலோ அவர் நடித்த ஆதி குணசேகரன் இறக்கவில்லை. சில வாரங்களில் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் போனவருக்காக அழுதார்கள், வந்தவரையும் ஏற்றுக்கொண்டார்கள். குடும்பங்களும் அப்படித்தானே நடக்கின்றன? ஒருவர் போன பிறகும் மறுநாள் காலை உலை வைத்தாக வேண்டியிருக்கிறது.

இந்த நாடகங்கள் எங்களிடம் வந்த காலத்தை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 1980களிலும் 90களிலும் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல வீட்டுமனைகளாக விற்கப்பட்டன. பல தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் இருந்த ஒரு முழு ஊர், ஈப்போவின் புந்தோங் பக்கமும் தெலுக் இந்தான் பக்கமும் மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலுமாகச் சிதறியது. லயத்தில் ஒருத்தி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள்.

அந்த வெறுமையில் குறித்த நேரத்துக்குத் தவறாமல் வந்தது நாடகம்தான். ஒரே நேரத்தில் புந்தோங்கில் அக்காளும் சித்தியவானில் தங்கையும் அதே காட்சியைப் பார்த்தார்கள். முடிந்தவுடன் போன் அடித்தது. “பாத்தியா அவ செஞ்சத?” என்று தொடங்கும் பேச்சு, “ஒனக்கு இனிப்புநீர் எப்பிடி இருக்கு, மருந்து எடுத்தியா?” என்று முடியும். தோட்டம் கலைந்த பிறகும் அன்றாடம் விசாரித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நாடகம் அதைக் கொடுத்தது.

அன்றாடம் என்றால் என்ன என்பதை இவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ரப்பர் மரமே அதைக் கற்றுக்கொடுத்தது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரம் ஒரு பெருந்தொழிலாக மாறியது ஓர் உண்மை தெரிந்த பிறகுதான். புதிதாக வெட்டத் தொடங்கிய மரம் முதலில் கொஞ்சமாகவே பால் கொடுக்கும். அதே காயத்தின் ஓரத்தில் மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்ப வெட்டினால் பால் கூடும். 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்ற தாவரவியலாளர் இதை ஆராய்ந்து சொன்னார். ஆசைப்பட்டு ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரம் புண்ணாகும். அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. மெல்லிசாக வெட்டவும், மறுபடி வரவும் தெரிந்த கைக்குத்தான் மரம் இணங்கும். நாடகம் இவர்கள் மனத்தில் இறங்கியதும் இப்படித்தான். படம் ஒரே இரவில் ஆழமாக வெட்டிவிட்டுப் போனது. நாடகம் இருபத்திரண்டு நிமிடச் சீவலாக ஆண்டுக்கணக்கில் வந்தது.

இந்த நாடகங்களின் குறைகளை நான் மறைக்கவில்லை. பெண்ணுக்குப் பெண்ணையே எதிரியாக்கி அவை காசு பார்த்தன. சூழ்ச்சியையும் கண்ணீரையும் இழுத்து இழுத்து நீட்டின. எங்கள் லயமும் பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்பும் கொசுக்கடியும் அவற்றில் ஒரு நாளும் வந்ததில்லை. தோட்டம் கலைந்த பிறகு எங்கள் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் திரையில் பார்க்க, இந்த மண்ணிலேயே எடுக்கப்பட்டு 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’ போன்ற படத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு குறைகள் இருந்தும் எங்கள் பெண்கள் அந்த நாடகங்களை நேசித்தார்கள் என்றால், அந்த நேசம் கதையின் தரத்துக்காக வந்ததாக இருக்க முடியாது. வருவேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்தவர்கள்மேல் வந்த நேசம் அது.

இதை யோசிக்கும்போது பிள்ளைகளாகிய எங்கள்மேல் ஒரு கேள்வி விழுகிறது. நாங்கள் தீபாவளிக்கு வந்தோம். கல்யாணத்துக்கு வந்தோம். பட்டுச் சேலையும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கி வந்தோம். பெரிய நாள்களில் பெரிதாகச் செய்தால் கடமை தீர்ந்தது என்று நம்பினோம். எங்கள் தாய்மாரின் பெயர்கூடத் தெரியாத நடிகைகளோ, காய்ச்சலிலும் களைப்பிலும் யாரோ படித்துக் கொடுத்த வசனத்தைப் பேசிக்கொண்டு, அந்த வீட்டுக்குத் தினமும் வந்தார்கள். தாய்மார் அவர்களைச் சொந்தம் என்று பேசுவதில் அறியாமை எதுவும் இல்லை. உறவை எதை வைத்து அளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ரத்தம் உறவைத் தொடங்கி வைக்கும். அதை உறவாக நிறுத்துவது திரும்பத் திரும்ப வருதல். அந்த வருகைக்கு அலங்காரம் வேண்டாம், புதிய செய்தி வேண்டாம். குறையோடு வரலாம், அவசரத்தில் வரலாம், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லலாம். அந்த நாடகங்கள் அத்தனை குறையோடும் வந்துதான் இடம் பிடித்தன. ஆகவே இன்று மாலை அம்மாவை அழைக்க ஒரு விசேஷம் தேவையில்லை. சமைத்தாயா, தூங்கினாயா, கால் வலி எப்படி என்று கேட்டால் போதும். நாளைக்கும் அதையே கேட்டால் போதும். ஒருவரை நேசிக்கிறோம் என்பதற்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய சான்று, ஒன்றுமே நடக்காத சாதாரண நாளிலும் அவரிடம் போய்ச் சேர்வதுதான்.