நான் காணவில்லை



சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு வான் ஒன்றில் பயணம் செய்தோம். மணமகனின் உறவினர், அயலவர், நான் எனப் பதின்மூன்று பேர். சாரதி நல்ல மனிதர். வயது முப்பது இருக்கும். வயோதிபர்களைக் கைபிடித்து ஏற்றினார். முன் ஆசனத்தில் இருந்த என்னிடம், "சுவாமி, பெல்டைப் போடுங்கோ" என்று நினைவூட்டியவரும் அவரே.

ஆனையிறவைத் தாண்டும்போது அவருடைய கைத்தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தார். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஓடு வாங்குவது பற்றிய பேச்சு. அது பரந்தன் சந்தி வரை நீண்டது. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் வண்டி. எதிரே லொறிகளும் பஸ்களும் விரைந்து வந்தன.

வானுக்குள் எவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. முறிகண்டியில் இறங்கித் தேநீர் குடித்து, கச்சான் வாங்கும்போதுதான் பேச்சு எழுந்தது. "உப்பிடி ஓடினால் ஒருநாளைக்கு எங்கேயாவது கொண்டுபோய் அடிக்கத்தான் போறான்" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். சாரதியோ சற்றுத் தொலைவில் நின்று சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவேண்டிய அந்தச் சொல் அவரைத் தவிர மற்ற எல்லார் காதிலும் விழுந்தது.

இப்பொழுது ஒரு கேள்வி. அந்தச் சாரதி காலையில் மது அருந்திவிட்டு வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? வானில் ஏறியிருக்கமாட்டோம். பிள்ளைகளை ஏற்றியிருக்கவேமாட்டோம். உரிமையாளரை அழைத்துச் சண்டை பிடித்திருப்போம். ஒரு குற்றத்துக்கு இவ்வளவு கோபப்படும் நாம், மற்றதற்கு ஏன் மௌனமாக இருக்கிறோம்?

இரண்டும் ஒன்றல்ல என்று சிலர் கூறலாம். ஆராய்ந்தவர்கள் கூறுவதைக் கேளுங்கள். நம் உறவினர் பலர் வாழும் ரொறன்ரோ நகரில் றெடெல்மையர், திப்ஷிரானி என்னும் இரு அறிஞர்கள், விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் தம் முடிவை வெளியிட்டார்கள். தொலைபேசியில் பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டார்கள். சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை குடித்துவிட்டு ஓட்டுபவனுடைய ஆபத்துக்கு இது அண்மித்தது என்றும் எழுதினார்கள். கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் ஆபத்துக் குறைந்ததாகத் தெரியவில்லை. கை ஓய்வாக இருந்தாலும் மனம் வேறிடத்தில் இருந்தது என்பதே இதன் பொருள்.

"பக்கத்தில் இருப்பவருடன் பேசுவதில்லையா? அதுவும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல. பக்கத்தில் இருப்பவர் வீதியைப் பார்க்கிறார். மாடு குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார். "பார்த்து" என்று கத்துகிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு மாடும் தெரியாது, சந்தியும் தெரியாது. அவர் தொடர்ந்து பதிலை எதிர்பார்க்கிறார்.

திரையில் வந்த செய்தியை வாசிப்பது இதைவிட மோசம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. மூன்று விநாடி குனிந்து திரையைப் பார்த்தால், 50 மீற்றர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகும். பாடசாலை வாசலில் 50 மீற்றருக்குள் எத்தனை பிள்ளைகள் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் மக்கள் அறியாமலா செய்கிறார்கள்? அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2017இல் சாரதிகளிடம் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில், வாகனம் ஓட்டிக்கொண்டே செய்தி அனுப்புவது பெரும் ஆபத்து என்று நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர் கூறினர். அதே கணிப்பில், அண்மையில் தாமே அவ்வாறு செய்தி அனுப்பியதாக மூன்றில் ஒரு பங்கினர் ஒப்புக்கொண்டனர். பிறர் செய்தால் ஆபத்து, நாம் செய்தால் அவசரம். "எனக்குப் பழக்கம், நான் பார்த்துத்தான் ஓடுவேன்" என்று ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதிக்கொள்கிறோம்.

வானில் நான் வாய் திறக்காததற்கும் இதுவே காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் நான் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. நம்மிடையே பலர் செய்வதுபோல அதைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு பேசியவாறே ஓட்டினேன். மண்டபத்துத் திறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கான அழைப்பு அது. ஓர் ஒழுங்கை முகப்பில் பாடசாலை மாணவி ஒருத்தி சைக்கிளுடன் வீதியோரம் ஒதுங்கி நின்றாள். ஒதுங்கியவள் அவள், நான் அல்லன். அவளைத் தாண்டிய பிறகே அவளைக் கண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எவரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நடக்காமற் போனதற்கு நான் செய்தது என்ன? ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை விழிப்பாக இருந்தாள், அவ்வளவுதான். அவள் சற்றுக் கவனக்குறைவாக இருந்திருந்தால் இன்று நான் நீதிமன்றத்தில் நின்றிருப்பேன். ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்திருக்கும். ஊரார் என்னைக் கொலைகாரன் என்று பேசியிருப்பார்கள். அப்பொழுதும் நான் செய்த செயல் இதே செயலாகத்தான் இருந்திருக்கும்.

1976இல் பேர்னாட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயரும் தோமஸ் நேகல் என்னும் அமெரிக்கரும் இந்தச் சிக்கலைத் தத்துவ உலகின் முன் வைத்தார்கள். நேகல் காட்டும் உதாரணம் ஒரு லொறிச் சாரதி. அவன் தடுப்புக் கருவியைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கிறான். குழந்தை குறுக்கே வந்தால் அவன் பெருங் குற்றவாளி. குழந்தை வராவிட்டால் அவனை எவரும் கவனிப்பதேயில்லை. அலட்சியம் இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது அவன் கையில் இல்லாத ஒன்று. அப்படியாயின் நாம் மனிதனுடைய குற்றத்தை அளக்கிறோமா, அவனுடைய அதிர்ஷ்டத்தை அளக்கிறோமா?

உலக நீதிமன்றம் விளைவைப் பார்க்கவே வேண்டும். இறந்த பிள்ளையின் தாயிடம் இரண்டும் ஒன்று என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் மனச்சாட்சி என்னும் நீதிமன்றம் வேறு. அங்கே கேட்கப்படுவது, "என்ன நடந்தது?" என்பதன்று, "நீ எதைத் தேர்ந்தாய்?" என்பதே. திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 2290) குடிபோதையாலும் வேக ஆசையாலும் வீதியில் பிறர் பாதுகாப்பை ஆபத்துக்குள்ளாக்குவோரைப் பெருங் குற்றத்துக்கு உள்ளானவர்கள் என்கிறது. பிறரைக் கொன்றவர்கள் என்று மட்டும் அது சொல்லவில்லை. ஆபத்துக்குள்ளாக்குவதே அங்கே குற்றமாகிறது.

விபத்து நடந்த இடங்களில் சாரதியின் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "நான் காணேல்லை ஐயா." பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே அவர் காணவில்லை. ஆனால் அது மன்னிப்புக்குரிய காரணமாகுமா?

இதற்கு விடை மிகப் பழையது. மித்திலேனே நகரை ஆண்ட பித்தாக்கஸ், குடிவெறியில் பிறரைத் தாக்கியவனுக்குத் தெளிவோடு தாக்கியவனைவிடக் கூடிய தண்டனை விதித்தார் என்று அரிஸ்டோட்டில் குறிப்பிடுகிறார். "வெறியில் அறியாமற் செய்தேன்" என்பது சரிதான். ஆனால் குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. அறியாமையை அவனே தேடிக்கொண்டான். விளைவை விரும்பாவிட்டாலும், விளைவின் காரணத்தை விரும்பித் தேர்ந்தவன் பொறுப்பிலிருந்து தப்பமாட்டான் என்று குருமடத்தில் நாங்கள் படித்த அறநெறியியலும் இதையே கூறிற்று. வீதியில் இருக்கவேண்டிய கண்ணையும் கருத்தையும் தானே தொலைபேசிக்குக் கொடுத்தவன், "காணவில்லை" என்று சொல்லும்போது தன் குற்றத்தை மறுக்கவில்லை. அதன் பெயரையே சொல்கிறான்.

ஆனால் சாரதியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீடு போக முடியாது. ஒரு பேச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். ரொறன்ரோவில் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக ஊருக்குப் பேச அமரும் இரவு ஒன்பது மணி, யாழ்ப்பாணத்தில் கோடையில் காலை ஆறரை, மாரியில் ஏழரை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் நேரம். அண்ணனின் அழைப்பை எடுக்காவிட்டால் அவர் மனம் நோகுமே என்று, பின்னால் பிள்ளை இருக்கத் தாய் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே பேசுகிறாள். அதே ரொறன்ரோவில் வண்டி ஓட்டும்போது கையில் தொலைபேசி பிடிப்பதை ஒன்ராறியோ மாகாணம் 2009இல் தடைசெய்தது. 2019 முதல் முதற் தடவையிலேயே மூன்று நாட்களுக்கு அனுமதிப்பத்திரமும் நிறுத்தப்படுகிறது. அங்கே தாம் செய்யாததை இங்கே தங்கையிடம் எதிர்பார்க்கலாமா?

முச்சக்கரவண்டி ஓட்டும் சகோதரனுக்கு வேறு வகை நெருக்கடி. அழைப்பை எடுக்காவிட்டால் அந்த ஓட்டம் இன்னொருவனுக்குப் போய்விடும். வான் சாரதிக்கு, "எங்கே நிற்கிறாய்?" என்று கால்மணிக்கொரு தடவை கேட்கும் முதலாளி. இவர்களை அறமற்றவர்கள் என்று ஏசுவது எளிது. அவர்களுடைய சோற்றை அந்தத் தொலைபேசியோடு கட்டிவைத்தவர்கள் நாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழைப்பவர் பத்து நிமிடம் பொறுத்தால், ஓடுபவர் பத்து நிமிடம் பார்த்து ஓடுவார்.

நம் நாட்டுச் சட்டமும் வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசி பாவிப்பதைத் தடைசெய்கிறது. பொலிசாரைக் கண்டால் தொலைபேசி மடிக்குள் போகிறது. சந்தி தாண்டியதும் காதுக்கு வருகிறது. இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்தில் இறப்போர் இரண்டாயிரத்துக்கு மேல். இவர்கள் எல்லாரும் தொலைபேசியால் இறந்தவர்கள் அல்லர். ஆனால் தண்டப்பணத்துக்கு மட்டும் அஞ்சும் சமூகத்தில் அந்தத் தொகை குறையாது.

மனப்போக்கு மாறவே மாறாது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். பிரித்தானியாவில் 1967இல் இரத்தத்தில் மதுவின் அளவுக்கு எல்லை வகுத்து, வீதியில் மூச்சுச் சோதனையைக் கொண்டுவந்தபோது பலர் அதை எதிர்த்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதை ஒரு பெருங் குற்றமாக அக்காலத்தில் பலர் எண்ணவில்லை. இன்று அது அங்கே வெட்கத்துக்குரிய செயல். அந்த மாற்றத்தில் சட்டத்துக்குப் பங்குண்டு. விருந்து வீட்டில், "நீ குடித்திருக்கிறாய், திறப்பைத் தா" என்று சொல்லத் துணிந்த நண்பர்களுக்கும் மனைவியருக்கும் பங்குண்டு.

நம் பங்கு யாது? ஒருவரை அழைத்தால் முதற் கேள்வி, "வண்டி ஓடுறீங்களோ?" என்பதாக இருக்கட்டும். ஆம் என்றால், "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுங்கள். ஓட்டும்போது அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ஆசனத்தில் இருக்கும்போது சாரதி பேசினால், முறிகண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே சொல்லுங்கள். சண்டையாக அல்ல, அன்பாகச் சொல்லலாம்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அதே வானில் வந்த ஓர் ஆச்சி. திருமணம் முடிந்து திரும்பும்போது, மாங்குளத்தை அண்மித்த இடத்தில் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. சாரதியின் கை அதை நாடியது. நான் என்ன சொல்வதென்று சொல் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "தம்பி, ஓரமா நிப்பாட்டிப்போட்டுக் கதை ராசா. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."

அவர் கோபப்படவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, ஒரு மரநிழலில் நின்று பேசினார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்து ஏறும்போது, "குறை நினையாதேங்கோ அம்மா" என்றார். அதன்பின் யாழ்ப்பாணம் வரும்வரை அந்தத் தொலைபேசி இருமுறை ஒலித்தது. அவர் எடுக்கவில்லை.