திரும்பி வராதவர்கள்



விடுமுறைக்கு வரும் உறவினரைக் கோடநாடு காட்சி முனைக்கு அழைத்துப் போகிறீர்கள். அங்கிருந்து தெரியும் ரங்கசாமி மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். 1950 டிசம்பர் 13-ல் அம்மலைப் பக்கத்தில் ஏர் இந்தியா டக்கோட்டா விமானம் மோதி, அதிலிருந்த யாவரும் மாண்டனர். அவர்களுள் ஆபிரகாம் வால்ட் என்னும் கணித மேதையும் அவர் மனைவியும் இருந்தனர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா சேர்ந்த யூதர் அவர். அவருடைய உற்றார் பலர் தப்பவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுத் துளைகளோடு திரும்பிய விமானங்களில் எங்கே கவசத் தகடு பொருத்துவது? துளை மிகுந்த இடத்தில் என்றே நமக்குத் தோன்றும். வால்டின் கணக்கு வேறு. இவை அடிபட்டும் வீடு சேர்ந்தவை. துளை குறைந்த இடத்தில், முக்கியமாக எஞ்சினில், அடிபட்டவை வந்து சேரவேயில்லை. வராதவற்றையும் எண்ணியவர் அவர்.

மலைப்பாதை விபத்தில் தப்பியவர் நன்றிப் பூசைக்குக் காணிக்கை தந்து, "ஜெபமாலை சொன்னேன், பிழைத்தேன்" என்கிறார். நன்றி நியாயமே. ஆனால் ஜெபமாலை சொல்லிக்கொண்டே பள்ளத்தில் விழுந்தவர் நம்மிடம் வந்து சாட்சி சொல்வதில்லையே! அவருக்கு விசுவாசம் குறைவு, பாவம் அதிகம் என்று துக்க வீட்டிலேயே பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாய் திறவாதிருந்தாலே பெரிய உபகாரம். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றவரைவிடப் பாவிகளோ என்று சேசுநாதரே கேட்டு, இல்லை என்றார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் சொல்லவில்லை.