ஒரு கவளம் குறைத்தல்

உணவைக் குறைப்பது நமக்குத் தவம். இன்றைய அலுவலகங்களில் அது உடல் இளைக்கும் வழி. இரண்டும் ஒன்றா என்று என் பேரன் வினவினான். வங்கியில் காலை முதல் மாலை வரை நாற்காலியில் அமர்ந்திருப்பவன். அங்கே நான்கு மணித் தேநீரோடு மிக்சரும் வரும், பசித்தா வருகிறது? அதில் 50 கிராமே 200 கிராம் சோற்றுக்கு ஏறத்தாழ ஈடு.

புறத்தவம் ஆறனுள் அவமோதரியம் இரண்டாவது. ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறைவுணவு என வகுத்து, அதில் ஒரு கவளம் குறைப்பினும் அத்தவமே என்றனர் முன்னோர். உடலழகு கருதிக் குறைப்பது தவமாகாது என்று கண்டிப்பாகவே கூறினேன். ஆசிரியப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அவனோ மறுமொழி கூறாது, மிக்சருக்கு மாற்றாகச் சுண்டல் கொண்டு சென்றான். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினான். ஆறு திங்களில் நான்கு கிலோ குறைந்தது.

அவன் நோக்கத்தை ஆராய்ந்த நான் என் செயலை ஆராயவில்லை. "போதும் பாட்டி" என்று தட்டை மறைத்த கையை விலக்கி, பசியில்லை என்றறிந்தும், இன்னுமொரு கரண்டி இட்டவள் நானல்லவா? அதனை அன்பென்றே கருதியிருந்தேன். மறுப்பவர்மேல் நம் விருப்பத்தைச் சுமத்துவதும் இம்சையின் ஒரு கூறன்றோ?

நேற்று அவன் கை மறைத்தபோது கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டேன். பழகிய கைக்கு அது எளிதாக இல்லை.